பச்சை மையில் ஒரு தேதி

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. கட்டுமாவடிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பரிமளா இன்றுவரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமா? "நான் தேதி சொன்னா, பிள்ளை அன்னைக்குத்தான் எட்டிப் பாக்கும்" என்பாள். கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டதற்கு, கடலுக்குப் போகும் ஐயனாரின் மனைவி செவந்தி, "ஆடி மூணு, அக்கா" என்றாள். ஆடி மூன்று என்றால் ஜூலை பத்தொன்பது. பரிமளா அவசரத்தில் ஆடியை ஆகஸ்டாக எண்ணி, ஆகஸ்ட் மூன்று என்று கணக்குப் போட்டு, பிரசவத் தேதி மே பத்து என்று அவளுடைய கர்ப்பகால அட்டையில் எழுதிவிட்டாள்.

ஏப்ரல் 26, காலை 10.40. செவந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. பொய்வலிக்கு இம்புட்டு நாடகமா? போ, போ."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செவந்தி தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

மதியம் 2.10. எல்லாரும் போயாச்சு. கரண்டும் போனது. கதவு கிரீச்ச்... என்றது.

செவந்தி. தனியாக.

"அக்கா, தேதியப் பாருங்க."

நீட்டிய அட்டை ஈரமாக இருந்தது. பரிமளா எரிச்சலோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தது. நாடி... இல்லை. மறு கையைப் பிடித்தாள்.

இல்லை.

"தேதி, அக்கா... ஆடி மூணு."

அப்போதுதான் உறைத்தது. விரல்விட்டு எண்ணினாள். ஐயோ, இன்றைக்குத்தான்! வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையில் சிரித்தவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இப்போதும் குறுகிப்போகிறாள். மே பத்தை அடித்துவிட்டு, பச்சைப் பேனாவால் ஏப்ரல் 26 என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நேரத்தையும் குறித்தாள்: 2.14.

"இப்ப சரியா, அக்கா?"

"சரி..."

நிமிர்ந்தாள்.

யாருமில்லை.

கையில் அட்டையும் இல்லை.

2.20. போன் அடித்தது. வீட்டிலேயே வலி முற்றி, ஆம்புலன்ஸில் போகும்போதே செவந்தி செத்துப்போனாளாம். வயிற்றுப் பிள்ளையும்தான். உயிர் போனது 1.50க்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஐயனார் வந்தான். மடித்த அட்டையை மேசையில் வைத்தான்.

"அன்னைக்குப் பூரா இது என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நேத்துதான் பிரிச்சுப் பாத்தேன்."

பரிமளா பிரித்தாள். பச்சை மை. அவள் கையெழுத்து. 2.14. மே பத்து இருந்த தடமே இல்லை.

"தேதிய சரியாத்தானே எழுதியிருக்கீங்க," என்றான். குரலில் கோபமே இல்லை. "பெறகு ஏன்க்கா அவளத் திருப்பி அனுப்புனீங்க?"