மூன்றாம் லைனில் தொங்கிய கட்டை

ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் வேலை என்பது, தொழிலாளர்களிடம் முதலாளியின் ஆள் என்றும் முதலாளியிடம் தொழிலாளர்களின் ஆள் என்றும் ஒரே நாளில் பெயர் வாங்கித் தருகிற வேலை.

ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போகிற வழியில் எங்கள் கம்பெனி. இத்தனை பேர் வேலை செய்தால் வெல்ஃபேர் ஆபீசர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் நான் இருக்கிறேன். டைம் ஆபீசுக்கும் முதலுதவி அறைக்கும் நடுவில் எனக்கு ஒரு மேசை, பூட்டுப் போட்ட ஒரு டிராயர். தலைக்கு மேலே சுவரில், தமிழிலும் உருதுவிலும் எழுதி ஃப்ரேம் போட்ட தொழிலாளர் உரிமைகள். அதைத் தூசு தட்டி வைப்பதும் நான்தான். பள்ளிக்கூடத்து உதவித் தலைமை ஆசிரியை, அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளர், கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் என்று நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற எல்லோருக்கும் என் பிழைப்பு சொல்லாமலே புரியும். உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்பார்கள், எழுந்தால் எங்கே போனாய் என்பார்கள். எனக்கும் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. நாள் முழுக்க லைன் லைனாக நடந்துகொண்டே இருப்பேன்.

பெண்களுக்கு மட்டும் ஓர் ஆணி

சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்தேன். தையல் பிரிவில் மூன்று லைன். ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் சுவரில் ஓர் ஆணி, அதில் கயிறு கட்டி ஒரு கட்டை. ஷூவுக்கு வடிவம் வருவதற்காக உள்ளே நுழைப்பார்களே, கால் மாதிரியே இருக்கும், அந்தக் கட்டைதான். பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். ஆணியில் கட்டை இல்லை என்றால் யாரோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவள் வரும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கம் கட்டிங் பிரிவு. அங்கே எல்லோரும் ஆண்கள். அங்கே ஆணியும் இல்லை, கட்டையும் இல்லை. நினைத்தபோது போகிறார்கள், வழியில் நின்று பேசிவிட்டு வருகிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தையல் சூப்பர்வைசர் நாகராஜிடம், அவர்களுக்கு ஏன் கட்டை இல்லை என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆம்பளைங்க கையில கட்டைய குடுத்தா நல்லாவா இருக்கும் மேடம்?"

மூன்று லிட்டர்

மூன்றாம் லைனில் ஷமீம் என்று ஒருத்தி. ஐந்து வருடமாக அதே மெஷின். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு பெண் குழந்தைகள், வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். முதலுதவி அறையில் படுக்க வைத்தேன். சிறுநீரகத்தில் கல் என்று வேலூர் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்றும் எச்சரித்திருக்கிறார். அவள் பையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். மணி மூன்று. காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.

டாக்டர் சொல்லியும் குடிக்காமல் இருக்கிறாயே, உனக்குப் பைத்தியமா என்று கத்திவிட்டேன். எனக்குக் கத்துவது சுலபம். என் மேசையிலிருந்து எழுந்து போக எனக்குக் கட்டை தேவையில்லை. அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"குட்ச்சா போவணுமே மேடம். கட்டை எங்க கெடைக்குது?"

நிஜமாகவே நடந்துவிட்ட தேர்தல்

தொழிலாளர் கமிட்டிக்குப் பெண் பிரதிநிதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டிகள் போடுகிற நிபந்தனை. எங்கள் கம்பெனியில் அதுவரை நாகராஜ் ஒரு பெயரைச் சொல்வார், எல்லோரும் கை தட்டுவார்கள், நான் ஃபோட்டோ எடுப்பேன். ஷமீம் மெஷின் மேல் சாய்ந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தடவை ஷூ டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, சீட்டு கொடுத்து, நிஜமாகவே ஓட்டெடுத்துவிட்டேன்.

ஷமீம் ஜெயித்துவிட்டாள். முதல் கூட்டத்திலேயே எழுந்து, கட்டையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் லைனுக்கு நான்கு கட்டையாவது கொடுங்கள் என்றாள். மேனேஜர் சிரித்தபடி குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் ஷமீமின் லீவுக் கணக்கை எடுத்து வரச் சொன்னார். உடம்பு சரியில்லாதவளை வைத்துக்கொண்டு டார்கெட் எப்படி முடிப்பது, இன்னொரு நாள் லீவு போட்டால் நிறுத்திவிடலாம் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவர் கேட்டார்:

"எலெக்‌ஷன் வெச்சா யாராவது ஜெயிச்சிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

ஒப்பிக்கச் சொன்ன பதில்

ஒரு மாதம் கழித்து ஆடிட் வந்தது. தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று வெளிநாட்டுப் பார்ட்டிகள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். கேள்விகள் எப்போதும் ஒன்றுதான், அதனால் பதில்களும் எங்களிடம் தயாராக இருக்கும். அவற்றைச் சொல்லிக்கொடுப்பது, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், என் வேலை. 'பாத்ரூமுக்கு எப்போது போகலாம்?' 'எப்ப வேணும்னாலும் போகலாம்.' மூன்று லைனிலும் பத்துப் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்.

ஆடிட் அன்று விடிந்ததும் மேனேஜர் உத்தரவுப்படி மூன்று கட்டைகளையும் கழற்றி என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். இன்று கட்டை கிடையாது, நிஜமாகவே எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அவர்களிடம் சொல்லவே தோன்றவில்லை. பதிலைச் சொல்லிக்கொடுத்தேனே, அதற்கு மேல் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். போகிற போக்கில் ஷமீமிடம், பதில் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஞாபகம் கீது மேடம். பொய்ன்னாலும் நல்லாத்தான் கீது."

காலி ஆணி

ஆடிட்டர் மும்பையிலிருந்து வந்த ஓர் அம்மாள். தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு. எட்டரை மணிக்கு ஆரம்பித்தவர் பேரேடுகளைப் பார்த்தார், தீயணைப்பான்களைப் பார்த்தார், நடுநடுவே தையல் பிரிவையும் பார்த்தார். பதினொன்றரைக்கு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: மூன்று மணி நேரமாக நூற்றிருபது பெண்களில் ஒருவர்கூட எழுந்து போகவில்லையே, ஏன்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் ஆணியைப் பார்க்கிறார்கள். ஆணி காலி. யாரோ போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று மூன்று லைனும் காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது. ஆடிட்டர் நேராக ஷமீமிடம் போனார். நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். அவள் முகம் வெளுத்திருந்தது, கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எப்ப வேணும்னாலும் போகலாம்" என்று முதலில் ஒப்பித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா கட்டை இன்னும் வர்லியே மேடம். யாரு எட்த்துனு போனாங்க?" என்றாள். இதை மொழிபெயர்க்க வேண்டியவள் நான். பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

நான் சும்மா நிற்பதைப் பார்த்து, ஷமீம் அதையே உருதுவில் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாளுக்கு இந்தி தெரியும். ஒரு வார்த்தை விடாமல் புரிந்துவிட்டது. எந்தக் கட்டை, எங்கே இருக்கிறது என்று என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். நான் விறுவிறுவென்று போய் டிராயரைத் திறந்து, மூன்று கட்டைகளையும் கயிற்றோடு கொண்டுவந்து ஆடிட்டர் முன்னால் வைத்தேன். பெண்கள் எல்லோரையும் போகச் சொன்னேன். வாசலில் நெரிசலே ஆகிவிட்டது. மேனேஜர் என் காதருகில் வந்து சொன்னார்:

"இந்தி பேசுற அம்மா வர்றாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஷமீமுக்கு இன்னிக்கு நாமளே லீவு குடுத்திருக்கலாமே மேடம்?"

அரை நாள் சமத்துவம்

அறிக்கை வந்தது. கட்டை பெண்களுக்கு மட்டும் இருப்பது பாகுபாடு, இதைச் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அதில் ஷமீமின் பெயரும் இருந்தது: உண்மையைச் சொன்ன தொழிலாளி, இவரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. மேனேஜர் இரண்டு நாள் யோசித்தார். பாகுபாட்டை ஒழிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் காலை தையல் பிரிவில் பழையபடி கட்டைகள் தொங்கின. கட்டிங் பிரிவிலும் புதிதாக ஓர் ஆணி, ஒரு கட்டை.

ஒன்பதரைக்குக் கட்டிங்கில் முணுமுணுப்பு. பத்தரைக்குக் கட்டைக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முழுப் பிரிவும் மெஷினை நிறுத்திவிட்டு மேனேஜர் அறை வாசலில் நின்றது. நாங்கள் மனிதர்களா மாடுகளா என்று கேட்டார்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆணி, கட்டை எல்லாம் எல்லாப் பிரிவிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டன. நாகராஜே சுத்தியல் எடுத்து வந்து பிடுங்கினார். "ஆம்பளைங்க மேடம், எவ்ளோ நேரம்தான் அடக்குவாங்க?" என்றார் என்னிடம், உண்மையான பரிதாபத்தோடு.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்போது ஷமீம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, பாட்டிலில் மிச்சமிருந்த கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்தாள். ஜெயித்துவிட்டாய் என்று சிரித்தபடி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. காலி பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவங்களால அரை நாள் முடியல, ஒடனே மனுசங்களாய்ட்டாங்க. அஞ்சு வருசமா அடக்கினு இருந்தமே, நாங்க இன்னா மேடம்?"

ஆக, ஃப்ரேம் போட்ட உரிமைகளை இத்தனை நாளாகத் தூசு தட்டி வந்த நான் தெரிந்துகொண்டது இதுதான்: எங்கள் கம்பெனியில் சமத்துவம் வந்தது பெண்கள் கேட்டதால் அல்ல, ஆண்களுக்கு அவசரமாக வந்ததால்.