நெருப்பக்காவின் ஐந்து குழாய்கள்

கிருமி வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நெருப்பக்கா என்று பேர். கம்பி வளையத்தைச் சுடரில் சிவக்கச் சிவக்கக் காட்டாமல் எந்தச் சோதனைக் குழாயையும் தொடமாட்டாள். மூக்குக்கு மேல் வருகிற கோபம் இன்னொரு காரணம். ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குக் கிருமியை மாற்றுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக வேலை. எடுத்து வைத்த கிருமி மட்டுமே வளர வேண்டும். காற்றிலிருந்தோ மூச்சிலிருந்தோ வேறொன்று ஒட்டிக்கொண்டால் எல்லாம் பாழ்.

மேஜைக்கு மேலே, 'இங்கே வாய் திறக்காதே' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள். முகமூடி மட்டும் போடமாட்டாள். "வாய மூடத் தெரிஞ்சவளுக்கு மாஸ்க் எதுக்கு?" என்பாள். சுட்ட கம்பி ஆறாமல் தொட்டால் கிருமி செத்துவிடும். அதனால் குழாயின் மூடியைக் கழற்றிப் பிடித்தபடி நிதானமாகப் பத்து எண்ணுவாள். இரண்டு வருஷமாகக் காது கொஞ்சம் மந்தம். அதை ஒத்துக்கொள்வாளா? "நீங்கதான் முனகுறீங்க" என்று எதிராளி மேல் பாய்வாள்.

போன மாதம் தாய்க் குழாய்கள் மூன்று கெட்டுப்போயின. மற்ற எல்லாக் குழாய்களும் அவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. சோதித்தால், மனிதத் தொண்டையில் குடியிருக்கும் கிருமி! அந்த மேஜையில் உட்காருகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அக்கா, இன்னொருத்தி அவளுக்குக் கீழே வேலை பார்க்கும், மூக்குக் கண்ணாடி போட்ட கண்ணாடிக்காரி. அக்கா யோசிக்கவே இல்லை. கண்ணாடிக்காரியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லிப் பெரிய டாக்டருக்கு அறிக்கை எழுதினாள். கண்ணாடிக்காரியின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்பது அக்காவுக்கும் தெரியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டர் ஒரு சோதனை வைத்தார். கிருமிகளுக்குத் தீனியான, ஆனால் இன்னும் கிருமியே இல்லாத சத்து நீரை, வழக்கம்போலக் கம்பியைச் சுட்டு ஆளுக்கு ஐந்து குழாய்களுக்கு மாற்ற வேண்டும். மறுநாள் தெளிவாக இருந்தால் கை சுத்தம். கலங்கியிருந்தால் மாட்டிக்கொண்டாய் என்று அர்த்தம். அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்.

"என்னையே சோதிக்கிறீங்களா? நல்லா பாருங்க!" என்று அக்கா சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரியின் ஐந்து குழாய்களும் பளிச்சென்று இருந்தன. அக்காவுடையதில் மூன்றாவது கலங்கியிருந்தது. ஐந்தாவதும்.

அக்கா குழாய்களைப் பிடுங்கிப் பார்த்தாள். "யாரோ மாத்தி வச்சிட்டாங்க!" என்று கத்தினாள். குழாயில் இருந்த எண்களோ அவள் கையெழுத்து. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். தாய்க் குழாய்களைக் கெடுத்த, சங்கிலியாய்க் கோத்த அதே உருண்டைக் கிருமிகள். ஐயோ, இது என் தொண்டையா! அவள் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரும் திகைத்துத்தான் போனார். "இத்தன வருஷ சர்வீஸ்... இன்னொரு தடவ பாக்கலாமாம்மா?" என்றார் சங்கடத்தோடு.

"எப்படிப் போச்சு? நான் வாயே தொறக்கலயே!"

"அக்கா," என்றாள் கண்ணாடிக்காரி, குரலை உயர்த்தி. "பத்து எண்ணுவீங்கல்ல..."

"மனசுக்குள்ளதானடி எண்ணுறேன்!"

"இல்லக்கா. சத்தமா எண்ணுறீங்க. தொறந்த குழாய்க்கு மேலயே. ரெண்டு வருஷமா எனக்குக் கேக்குது."

அக்கா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். இரண்டு வருஷம்! எத்தனை குழாய்கள், எத்தனை திட்டு!

"பாவி, ஏண்டி சொல்லல?"

கண்ணாடிக்காரி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். "சொல்ல வந்தேங்க்கா. ரெண்டு தடவ. வாயத் தொறந்ததும் வெளிய போன்னுட்டீங்க."

அக்கா எழுந்தாள். டாக்டர் கையில் கையெழுத்துக்குக் காத்திருந்த அந்த அறிக்கையை வாங்கினாள். கண்ணாடிக்காரியின் பேரை அடித்துவிட்டு, அதற்கு மேலே தன் பேரை எழுதி அவரிடம் நீட்டினாள்.