உடல்நிலை காரணமாக

தில்லையம்மாளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முப்பத்தொன்பது வயது. தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி வரப்போகிற யாரும் இதை நம்பமாட்டார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில், வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற தெரு ஒன்றில் அவள் குடியிருந்தாள். கணவன் வீரபாகு ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவள் திருப்புட்குழி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் எம்மாவு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் பதினோரு வருடமாக உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லாரையும் போல அவளும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை அசல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒப்படைத்துவிட்டு, ரசீதுக்குப் பதிலாக ஒரு புன்னகையை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆள் வேலையில் இருக்கிறவரை அசல் ஆபீஸ் பீரோவில் இருக்கும். அதுதான் வழக்கம்.

இந்த வருடம் அவள் அரசுத் தேர்வு ஒன்றில் தேறிவிட்டாள். சென்னையில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் வருகிறவர்கள் வாய்ப்பை இழப்பார்கள் என்று கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கடிதம் வந்தபோது கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீரபாகு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. கண்ணு பட்டுடும்.”

எம்மாவின் விதிப்படி வேறு வேலைக்குப் போகிறவர்கள் மூன்று மாதம் முன்பே எழுதித் தர வேண்டும். உடல்நிலை சரியில்லாதவர்களை உடனே விடுவித்துவிடலாம். அதனால் எம்மாவை விட்டுப் போன எவருமே ஆரோக்கியமாகப் போனதில்லை. இரண்டு வருடம் முன்பு சங்கீதா ‘உடல்நிலை காரணமாக’ என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அசல்களை வாங்கினாள், அடுத்த திங்கள் வங்கியில் சேர்ந்தாள். வழியனுப்பு விழாவில் பதிவாளரே கேக் ஊட்டிவிட்டு, “பேங்க்ல நல்லா வேலை பாருங்க” என்று வாழ்த்தினார். எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அது ஒரு மரியாதை. உண்மையைச் சொல்லி மேலதிகாரியைச் சங்கடப்படுத்துவானேன்?

தில்லையம்மாள் சங்கீதாவின் கடிதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தாள்.

நடுவில் ஒன்று நடந்திருந்தது. ஜூன் மாதத்தில் எம்மாவு ‘முழுமனித நல மையம்’ ஒன்றைத் திறந்திருந்தது. ஊழியர் என்பவர் வெறும் இரண்டு கையல்ல. உடல், மனம், ஆவி, குடும்பம், உறவு என்று ஐந்து இதழ் கொண்ட ஒரு பூ. நுழைவாயிலில் அந்தப் பூவைப் பெரிதாக வரைந்து, கீழே ‘நோயுற்ற எவரையும் எம்மாவு கைவிடாது’ என்று எழுதியிருந்தார்கள். தில்லையம்மாள் தினமும் அதைத் தாண்டித்தான் போனாள். ஒரு நாளும் அதைத் தனக்கான மிரட்டலாக எடுத்துக்கொண்டதில்லை.

கடிதம் பதிவாளரிடம் போகவில்லை. மையத்துக்குப் போனது. மையத்தின் தலைவி டாக்டர் ஜீவிதா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“சொல்லுங்கம்மா. உடம்புக்கு என்ன பண்ணுது?”

பதினோரு வருடத்தில் எம்மாவில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“தலை சுத்துது மேடம்.”

“எப்பல்லாம்?”

“எப்பயும்தான்.”

ஜீவிதா அதைக் குறித்துக்கொண்டார். நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் துரத்தியிருப்பார். “இந்த நிலைமையில உங்கள வீட்டுக்கு அனுப்புனா அது பாவம்மா. முதல்ல குணமாகுங்க. அதுக்கப்புறம் பேசலாம்” என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததால் கவலை அதிகமானது. உடலில் இல்லையென்றால் மனதில் இருக்கும் என்று மனநல ஆலோசகரிடம் இரண்டு நாள். அங்கே ஒரு மரம் வரையச் சொன்னார்கள். வரைந்தாள். வேர் இல்லையே என்று கேட்டார்கள். மண்ணுக்குள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்றாள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

அதற்குள் தேர்வுப் பிரிவில் அதிசயங்கள் நடக்க ஆரம்பித்தன. முதுகு சாய்கிற நாற்காலிக்கு அவள் ஏழு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். அது வந்தது. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி வந்தது. காலை பத்தரைக்கு அவித்த முட்டை வந்தது. அவள் சைவம் என்றதும் முட்டை போய்ச் சுண்டல் வந்தது. ஹால் டிக்கெட் வேலையைப் பாதிக்கு மேல் வேறு இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டு பேரும் அவளை அனுதாபத்தோடு பார்த்தார்கள். அவர்களுக்கு இப்போது நிஜமாகவே தலை சுற்றிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டில் ஆறு நாள் கழிந்திருந்தது.

சனிக்கிழமை காலை பல்கலைக்கழக வேன் அவள் தெருவுக்கு வந்தது. ‘குடும்பம்’ என்ற இதழுக்காக. ஜீவிதா, பாஸ்டர் ஆனந்தகுமார், இன்னும் ஐந்து பேர், ஒரு பழக்கூடை. தெரு முனையில் பாவு நீட்டி வைத்திருந்தார்கள். நெய்வதற்குமுன் தறியின் நீள நூலைத் தெருவோடு தெருவாக இழுத்துக் கட்டிச் சரிபார்க்கிற வேலை அது. பாதியில் எடுக்க முடியாது. அதனால் வேனை முனையிலேயே நிறுத்திவிட்டு ஏழு பேரும் கூடையோடு, நூலின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். அதைவிடச் சிறப்பாகத் தண்டோரா போட்டிருக்க முடியாது. வீட்டு வாசலில் நின்று மெதுவாக ஒரு ஜெபப் பாட்டும் பாடினார்கள். உருக்கமான பாட்டு. எதிர்வீட்டில் தறி நின்றது.

“சகோதரர் தைரியமா இருக்கணும்” என்று பாஸ்டர் வீரபாகுவின் தோளைத் தொட்டார். “நாங்க இருக்கிறோம்.”

“சரிங்க ஐயா” என்றான் வீரபாகு. வேறென்ன சொல்வான்?

வேன் கிளம்பிய பிறகு எதிர்வீட்டுக் கதிர்வேலின் மனைவி வந்து, கூடையிலிருந்த மாதுளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எந்த இடத்துலக்கா?”

“எந்த இடத்துலன்னா?”

“மறைக்காத. மாதுளம்பழம் எதுக்கு குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க சித்திக்கும் இப்டித்தான், நல்லாதான் இருந்துச்சி.”

“எனக்கு ஒன்னும் இல்லமா.”

“அவங்களும் அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க.”

சாயங்காலத்துக்குள் ஏகாம்பரநாதர் கோயில் விபூதி மூன்று வீட்டிலிருந்து வந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டர் ஒருவரின் நம்பர் நான்கு பேரிடமிருந்து வந்தது. ஞாயிறன்று வீரபாகுவின் அக்கா அரக்கோணத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, தில்லையம்மாளை அடுப்படிக்குள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அரசு வேலை விஷயம் தெருவுக்கு வரும். தெருவுக்கு வந்தால் எம்மாவுக்குப் போகும். தேர்வுப் பிரிவின் கடைநிலை ஊழியர் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார்.

அன்று வீரபாகுவே, சாப்பிட்டுக் கை கழுவியபடி கேட்டான்.

“நெஜமாவே ஒனக்கு ஒன்னும் இல்லியே?”

“யோவ்.”

“இல்ல, இத்தினி பேரு சொல்றாங்களேன்னு.”

தில்லையம்மாள் அவன் தட்டை எடுத்தாள். எழுந்தபோது லேசாகத் தலை சுற்றுவது போல இருந்தது.

புதன்கிழமை அவள் ஆவண அறைக்குப் போனாள். அங்கே இருந்தவள் ரூக்ஷார். பதினோரு வருடம் முன்பு இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

“வா, பேஷண்ட். ஒக்காரு.”

“கிண்டல் பண்ணாத ரூக்ஷார். வெள்ளிக்கெழம எனக்கு அசல் வேணும். நாளிக்குள்ள.”

ரூக்ஷார் எதற்கென்று கேட்கவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எந்த ஊர்ல போஸ்டிங்?”

“இன்னும் தெரியாது. மொதல்ல காயிதத்தக் காட்டணும்.”

“மாஷா அல்லா. ஆனா ஒன்னு சொல்றேன். நீ குடுத்த லெட்டர்ல சங்கீதா எழுதுன வருஷம் கூட அப்டியே இருந்துச்சி. அதயாச்சும் மாத்தியிருக்கலாம்.”

“நீ பீரோவத் தொற. ஜெராக்ஸ் எடுக்கப் போறன்னு எடுத்துக்கினு போறேன்.”

ரூக்ஷார் துப்பட்டா நுனியில் முடிந்திருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இதோ சாவி. என் அசலும் இதே பீரோவுலதான் இருக்குது. தெனம் தொறந்து தெனம் பூட்டுறேன். எடுக்க முடிஞ்சா நான் எடுத்திருக்கமாட்டனா? ஒரு கவர் கொறஞ்சா என் வேல போவும். மேடம்கிட்ட கையெழுத்து வாங்கியா. அஞ்சு நிமிஷத்துல குடுத்துடறேன்.”

வியாழக்கிழமை காலை ஜீவிதா சிரித்த முகத்தோடு காத்திருந்தார். எல்லாப் பரிசோதனையும் நன்றாக வந்துவிட்டது. தில்லையம்மாள் பூரண குணம். ஆகவே ராஜினாமாவுக்கான காரணம் நீங்கிவிட்டது. கடிதத்தை மகிழ்ச்சியோடு திருப்பித் தருகிறோம். அடுத்த வாரம் ஆலய ஆராதனையில் அவள் இரண்டு நிமிடம் பேச வேண்டும், மற்றவர்களுக்கு நம்பிக்கையாக இருக்கும்.

தில்லையம்மாள் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை.

“மேடம், எனக்கு ஒடம்புக்கு ஒன்னுமே இல்ல.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

“இல்ல மேடம். மொதல்லேந்தே இல்ல. கவர்மெண்ட் வேல கெடச்சிருக்குது. நாளிக்கு காலைல சென்னைல வெரிபிகேஷன். அசல் வேணும். இங்க எல்லாரும் அப்டித்தான் மேடம் எழுதுவாங்க.”

ஜீவிதா நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. ஒரு வாரமாகத் தினமும் இவளுக்காக ஜெபித்திருந்தார்.

“வேற வேலைன்னா என் கையில இல்லம்மா. பதிவாளர்கிட்ட போகணும். மூணு மாசம்.”

“தெரியும் மேடம்.”

“நோய்னா நான் விடுவிக்கலாம். ஆனா உங்களுக்கு நோய் இல்லன்னு நானே எழுதி வெச்சிருக்கேன்.”

 வெளியே காலை ஆராதனையின் மணி அடித்து ஓய்ந்தது. பிறகு ஜீவிதா, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“ஏம்மா போகணும்னு நினைச்சீங்க? இங்க என்ன குறை?”

தில்லையம்மாள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நவம்பர் தேர்வு சமயத்தில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை எழுந்து கழிவறைக்குப் போக முடியாததால் தண்ணீர் குடிப்பதையே விட்டது. அப்பா காரியத்தன்று மதியமே போன் வந்தது. மொட்டை போட்ட தம்பி பக்கத்தில் நிற்க, ஹால் டிக்கெட் எண்களைப் போனில் வாசித்தது. எந்த மாணவன் பெயர் தப்பாக வந்தாலும் எல்லார் முன்னாலும் அவள் பெயர் சொல்லிக் கேட்டது. பதினோரு வருடத்தில் ஒருவரும் “சாப்பிட்டியா” என்று கேட்காதது. “போன வாரம்தான் ஒடம்புக்கு என்னன்னு கேட்டீங்க மேடம். அதுக்கு நான் நோயாளி ஆவ வேண்டியதாப் போச்சி.”

ஜீவிதா இந்த முறை எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மையம் திறந்து ஐந்து மாதத்தில் நூற்று நாற்பது படிவம் வந்திருந்தது. எல்லாவற்றிலும் ‘பணியிடத்தில் மனநிறைவு’ என்ற வரிக்கு எதிரே ‘மிக நன்று’.

“ஒரே ஒரு வழி இருக்கு” என்றார் கடைசியில். “விதியில ஒரு வரி இருக்கு. பணியே நலக்குறைவுக்குக் காரணம்னு மையம் சொன்னா, டெஸ்ட் ரிசல்ட் எப்படி இருந்தாலும் அன்னைக்கே விடுவிக்கலாம். இதுவரைக்கும் யாருக்கும் எழுதினதில்ல. இது பொய்யில்லையே?”

“பொய் இல்ல மேடம்.”

“நான் எழுதினா என்னைக் கூப்பிட்டுக் கேட்பாங்க.”

“ஒங்க அசல் மேடம்?”

“அதே பீரோவுலதான்” என்று சொல்லிவிட்டு, ஜீவிதா பேனாவைத் திறந்தார்.

ரூக்ஷார் சொன்னது போல் ஐந்து நிமிடம்தான் ஆனது. உறையைக் கொடுக்கும்போது விடுவிப்பு ஆணையை மேலாக வைத்துப் பின் அடித்தாள். அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். “எனக்கும் இத மாதிரி ஒன்னு எழுதச் சொல்லு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உறையை உடனே விடவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னையில், நீளமான ஒரு கூடத்தில், பன்னிரண்டாம் மேசையில் தில்லையம்மாள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய ஓர் அதிகாரி. ஒவ்வொரு அசலாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, டிக் போட்டுக்கொண்டே வந்தார். பத்தாம் வகுப்பு. பிளஸ் டூ. பட்டம். சாதிச் சான்றிதழ்.

“இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பார்த்தீங்களா?”

“ஆமா சார்.”

“ரிலீவிங் ஆர்டர் இருக்கா?”

அவள் கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ‘இவர் செய்துவந்த பணியே இவரது நலக்குறைவுக்குக் காரணம் என மையம் கருதுவதால் இன்றே விடுவிக்கப்படுகிறார்.’

பேனா நின்றது. 

“என்ன வேலைம்மா பார்த்தீங்க?”

“கிளார்க் வேலை சார்.”

“இங்கயும் கிளார்க் வேலைதானே.”

“ஆமா சார்.”

அவர் இடதுபுற மேசையைப் பார்த்தார். வலதுபுற மேசையைப் பார்த்தார். அந்தத் தாளை எடுத்து மற்ற எல்லாத் தாளுக்கும் அடியில் செருகிவிட்டு, முத்திரையை அழுத்தினார்.

“எனக்கும் இதே நோய் இருக்குதும்மா. இருபத்திரெண்டு வருஷமா” என்றார். “திங்கக்கெழம ஒரிஜினல எல்லாம் எங்க ஆபீஸ்ல குடுத்துடுங்க. அடுத்தது யாரு?”