சந்திக்கு அப்பால் மீன் வரக்கூடாது

சந்தியைத் தாண்டி ஊருக்குள் போகிற ஒழுங்கையின் வாயில் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியைக் குறுக்கே விட்டிருந்தார்கள். எமில்ராஜ் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பெட்டியின் மேல் நாலைந்து இளைஞர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் மாஸ்க் நாடிக்குக் கீழே தொங்கியது. அவரைக் கண்டதும் இழுத்து மூக்குக்கு மேலே விட்டார்கள்.

"மீன்கார அண்ணை, உதிலை நில்லுங்கோ."

"என்ன தம்பி, ரோட்டுப் போடுறியளோ?"

"ரோட்டுமில்லை ஒண்டுமில்லை. இனி மீன் ஊருக்குள்ளை வராது."

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஐப்பசி மாதம். கொழும்புப் பக்கத்தில் ஒரு பெரிய மீன் சந்தையில் கொரோனா பரவி, அங்கே போய்வந்தவர்களால் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்த கிழமை. யாழ்ப்பாணக் கரையோரத்திலும் சில இடங்களை மூடியிருந்தார்கள். அந்தக் கரையில் எமில்ராஜ் இருக்கிற கொழும்புத்துறையை மூடவில்லை. ஆனால் அச்சுவேலிக்கு அப்பாலுள்ள அந்த வெங்காயத் தோட்ட ஊருக்குக் கரையெல்லாம் ஒரே கரைதான்.

சனசமூக நிலையத் தலைவர் குகதாசன் நடந்து வந்தார். நெடிய மனிதர், தோட்டக்காரர், ஊரில் பத்துப் பேர் ஒரு பக்கம் சரிந்தால் அவர் சொல்லித்தான் நிமிர்வார்கள். வழமையாக எமில்ராஜைக் கண்டால் "என்ன எமில், இண்டைக்கு என்ன கிடக்கு?" என்று கேட்பவர், அன்றைக்குத் தள்ளி நின்றார்.

"நீர் எங்கையிருந்து வாறீர்?"

"என்ன அண்ணை கேக்கிறியள்? இவ்வளவு வருசமா எங்கையிருந்து வாறனோ, அங்கையிருந்துதான்." எமில்ராஜ் பெட்டியின் மூடியைத் திறந்தார். "பாருங்கோ. விடிய வலையாலை கழட்டின ஒட்டி மீன். உதுகள் கொழும்பைக் கண்டதுமில்லை."

"நான் மீனைப் பற்றிக் கதைக்கேல்லை. ஆக்களைப் பற்றிக் கதைக்கிறன்."

அதற்குப் பிறகு நடந்தது மிக விரைவாக நடந்தது. வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற தாங்கியை முதுகில் மாட்டியிருந்த ஒருவன் முன்னுக்கு வந்தான். தாங்கிக்குள் குளோரின் கரைத்திருந்தார்கள். முதலில் மோட்டார் சைக்கிளின் சில்லுக்கு அடித்தான். பிறகு பெட்டிக்கு. திறந்திருந்த பெட்டிக்குள், ஐஸின் மேல், மீனின் மேல். எமில்ராஜ் மூடியைப் பிடிக்கக் கையை நீட்டியபோது கையிலும் நெஞ்சிலும் அடித்தது. கண் எரிந்தது.

ஒழுங்கையின் முதல் வீடு குகதாசனுடையது. அவருடைய மனைவி பாலேஸ்வரி கையில் சட்டியோடு வாசல் படலையில் நின்றார்.

"என்னப்பா உது! அந்த மனிசனுக்கு ஏன் அடிக்கிறியள்?"

"நீர் உள்ளுக்குப் போம்," என்றார் குகதாசன், திரும்பிப் பார்க்காமல். தாங்கிக்காரனை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

எமில்ராஜ் பெட்டியை மூடினார். வண்டியைத் திருப்பினார். வழியில் வல்லை என்கிற வெட்டவெளியில் நிறுத்தி, அவ்வளவு மீனையும் கொட்டினார். நாய்கூட முகர்ந்துவிட்டு விலகிப் போனது.

அவர் பிறந்து வளர்ந்தது கொழும்புத்துறைக் கரையில். இளவயதில் கடலுக்குப் போனவர். ஒரு சோளகக் காற்றில் படகு தூக்கி அடித்து வலது தோள் விலகிப்போக, வலை இழுக்கிற வேலை அத்தோடு முடிந்தது. சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினார். கரையை அண்டிய ஊர்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால் உள்ளுக்கு உள்ளுக்குப் போய், கடைசியில் அந்த வெங்காய ஊரைப் பிடித்தார். அங்கே செவ்வாயும் வெள்ளியும் மச்சம் சமைக்கமாட்டார்கள். கந்தசஷ்டிக்கு ஒரு கிழமை போகவே தேவையில்லை. எந்த வீட்டுக்குத் தலை வேண்டும், எந்த வீட்டில் பிள்ளைக்கு முள்ளில்லாத துண்டு வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிற்று. மழை நாளில் ஒருவர் வீட்டில் தேத்தண்ணி, இன்னொரு வீட்டில் கலியாணக் காட். அந்த ஊரைத் தன்னுடைய ஊர் என்று அவர் நினைத்ததில்லை. ஆனால் அங்கே தான் வேற்றாள் என்றும் அன்றைக்கு முன்பு நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி றொசாந்தி சேட்டின் வெளுத்துப்போன இடங்களைப் பார்த்தாள். விசயத்தைக் கேட்டதும் சேட்டைக் கழற்றி வாங்கினாள்.

"இனி அந்தப் பக்கம் போகவேண்டாம். நாங்கள் என்ன பூச்சியே?"

"பயத்திலை செய்திட்டாங்கள்."

"பயமெண்டால் வீட்டுக்குள்ளை இருக்கவேண்டியதுதானே?"

அந்தக் கிழமை கரையில் மீனை வாங்க ஆளில்லை. இறாலைக் கருவாட்டுக்கும் போடமுடியாமல், விற்கவும் முடியாமல் சனம் திண்டாடியது. கரையில் சுகாதாரப் பகுதியினர் பரிசோதனைக்கு வந்தபோது எமில்ராஜ் தானாகப் போய் முன்வரிசையில் நின்றார். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அதைத் தெரிந்துகொண்ட அதே பின்னேரம் உதயகலாவின் தொலைபேசி அழைப்பும் வந்தது.

உதயகலா அந்த ஊரில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள். கணவன் கட்டாரில் வேலையில்லாமல் அகப்பட்டிருந்தான்.

"எமில் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நிலையத்திலை கூட்டம் வைக்கினம். சுகாதாரப் பரிசோதகரும் வாறார். உங்களைப் பற்றித்தான் கதை. நீங்கள் இல்லாமல் உங்களைப் பற்றிக் கதைக்கிறது சரியில்லை. வாங்கோ."

றொசாந்தி போகவேண்டாம் என்றாள். அவர் போனார்.

சனசமூக நிலைய முற்றத்தில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். தள்ளிப் போட்டதால் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் கதைக்க வேண்டியிருந்தது. சாதாரணமாகச் சொன்ன சொல்லும் சண்டைக்கு இழுப்பதுபோலக் கேட்டது. எமில்ராஜுக்குக் கதிரை போட்டிருக்கவில்லை. அவர் வேலியோரம் வேப்பமரத்தடியில் நின்றார்.

பரிசோதகர் இளம் ஆள். பல நாள் நித்திரையில்லாத முகம். "றோட்டை மறிக்க உங்களுக்கு அதிகாரமில்லை," என்று தொடங்கினார். "ஆனால் கவனமா இருக்கச் சொல்லித்தான் நாங்களும் சொல்லுறம். மாஸ்க், இடைவெளி, கைகழுவுறது. இதுகளை ஒழுங்காச் செய்தால் மீன் விக்கிறதிலை பிரச்சினை இல்லை."

"கரையிலை ஆர் ஐயா மாஸ்க் போடுகினம்?" பின்னாலிருந்து ஒருவர். "உவை வீட்டுக்கு வீடு நெருக்கியடிச்சு இருக்கிற ஆக்கள். ஒருத்தருக்கு வந்தால் அவ்வளவு பேருக்கும்."

உதயகலா எழும்பினாள்.

"நேற்று வெங்காயம் ஏத்த லொறி வந்தது. டிரைவர் தெற்கிலையிருந்து வந்தவர். எங்கடை கிணத்தடியிலை குளிச்சு, உந்தக் கடையிலை சாப்பிட்டுத்தான் போனவர். அவருக்கு ஒருத்தரும் மருந்தடிக்கேல்லையே?"

"லொறி வராட்டி வெங்காயம் அழுகிப்போம், பிள்ளை," என்றார் குகதாசன்.

"மீன் அழுகாதோ?"

யாரோ சிரித்தார்கள். அது குகதாசனைச் சுட்டுவிட்டது. அவர் எழும்பி மாஸ்க்கைக் கழற்றப் போய், நினைவு வந்து மறுபடி போட்டார்.

"சிரியுங்கோ. என்ரை மனிசிக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரியிலை ரத்தம் சுத்திகரிக்கவேணும். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யேல்லை. கொரோனா வந்தால் தப்பாது எண்டு டொக்டர் என்ரை முகத்துக்கு நேரை சொன்னவர். நான் என்ரை கதவைப் பூட்டலாம். ஆனால் அவவைக் குளிப்பாட்டுற பிள்ளையும், ஓட்டோக்காரனும் ஊருக்குள்ளைதான் திரியினம். அப்ப ஊரைப் பூட்டாமல் நான் என்ன செய்யிறது? சொல்லுங்கோவன்!"

 அவருடைய மனைவிக்கு உடம்பு வருத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. எமில்ராஜுக்கும் தெரியாது. அந்த அம்மா வருத்தமென்று ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்சக் காலமாகக் குறைய மீன் வாங்குகிறார் என்பதை மட்டும் அவர் கவனித்திருந்தார்.

"நான் ஒண்டு சொல்லலாமோ?" என்று கேட்டார் எமில்ராஜ்.

எல்லாத் தலைகளும் வேப்பமரப் பக்கம் திரும்பின.

"பரிசோதனை செய்தனான். எனக்கு இல்லை. ஆனால் நாளைக்கு வராதெண்டு என்னாலை சொல்லேலாது. அண்ணை, நீங்கள் அண்டைக்கு வரவேண்டாம் எண்டு வாயாலை மட்டும் சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பன். எனக்கும் வீட்டிலை பிள்ளையள் இருக்கு. ஆனால் நீங்கள் சொல்லோடை நிப்பாட்டேல்லை. பூச்சிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சியள்."

குகதாசன் நிலத்தைப் பார்த்தார். தாங்கி மாட்டியிருந்த இளைஞன் எழும்பி வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் இழுத்தது. மீனே வேண்டாம் என்றார்கள் சிலர். வேண்டியவர் சந்தைக்குப் போகட்டும் என்றார்கள். சந்தையில் இதைவிடச் சனம் என்று உதயகலா கத்தினாள். கடைசியில் பரிசோதகர்தான் ஒரு வழியைச் சொன்னார். எமில்ராஜ் சந்தியோடு நிற்கட்டும். தேவையானவர்கள் தங்கள் பாத்திரத்தோடு ஒவ்வொருவராக வரட்டும். உள்ளே போகவேண்டாம்.

"சம்மதமோ?" என்று பரிசோதகர் கேட்டார்.

"சம்மதம். ஆனால் என்ரை பெட்டியிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது."

குகதாசன் தலையை ஆட்டினார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவருடைய வாயிலிருந்து வரவில்லை. எமில்ராஜ் அதை எதிர்பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

அந்த மாரியும் அடுத்த கோடையும் அவர் சந்தியிலேயே நின்றார். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவர் மீனை வெட்டிச் சட்டியில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். குகதாசன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒழுங்கைக்குள் பாலேஸ்வரி ஓட்டோவில் ஏறுவதை இரண்டொரு தடவை கண்டார். ஒருமுறை அந்த அம்மா கையை உயர்த்திக் காட்டினார்.

இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டு ஆவணியில் நோய் எல்லா ஊரிலும் இறங்கியது. அந்த வெங்காய ஊருக்கும் வந்தது. யாரால் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியாலே வந்திருக்கலாம் என்றார்கள். தொற்றோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பாலேஸ்வரி அங்கேயே இறந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சவப்பெட்டியோடு நேரே எரித்தார்கள். குகதாசனுக்கும் தொற்று. வீட்டைத் தனிமைப்படுத்தி, மதிலில் அறிவித்தல் ஒட்டினார்கள். இதையெல்லாம் உதயகலாதான் தொலைபேசியில் சொன்னாள்.

எமில்ராஜுக்கு என்ன நினைக்கிறதென்று தெரியவில்லை. அந்த மனிதரிடம் கோபம் இருந்தது. ஆனால் அவர் எதற்குப் பயந்தாரோ, அது அப்படியே நடந்துவிட்டது.

சில நாட்களில் குகதாசனே அழைத்தார். இடையிடையே இருமினார்.

"எமில், நாளைக்கு அவ செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு. அவவுக்கு விருப்பமானதைப் படைக்கவேணும். ஒட்டியெண்டால் அவவுக்கு உயிர். நான் வெளியிலை வரேலாது. ஒருத்தரும் எங்கடை ஒழுங்கைக்குள்ளை வருகினமில்லை. உம்மைக் கேக்க எனக்கு முகமில்லை. கேக்கிறன்."

றொசாந்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைக்குமுன்னே தொடங்கிவிட்டாள்.

"போகமாட்டியள்."

"செத்தவீடடி."

"கொரோனா வீடு! அண்டைக்கு நோய் இல்லாத உங்களை மறிச்சவை. இண்டைக்கு நோயிருக்கிற வீட்டுக்கு உங்களைக் கூப்பிடுகினம். எங்கடை சின்னவனுக்கு மூச்சு முட்டு இருக்கெண்டு தெரியாதோ? அந்த மனிசன் தன்ரை மனிசிக்காக ஊரைப் பூட்டினார். நான் என்ரை பிள்ளைக்காக இந்தக் கேற்றைப் பூட்டக்கூடாதோ?"

 அவள் சொன்னது சரி. இரண்டு தடுப்பூசியும் போட்டாயிற்று என்றார் எமில்ராஜ். ஊசி போட்டவரும் சாகினம் என்றாள்.  கடைசியில் அவர், "படலைக்கு வெளியிலை வைச்சிட்டு வாறன். உள்ளுக்குப் போகேன்," என்றார்.

"அப்ப பதினாலு நாளைக்கு வீட்டுக்குள்ளை வரப்படாது. வலைக் கொட்டிலிலை படுங்கோ."

"ஓம்."

விடிய, கரையில் ஒட்டி தேடி வாங்கினார். ஊரடங்கிலும் நடமாடும் வியாபாரத்துக்கு அனுமதி இருந்ததால் வழியில் மறித்த பொலிஸ்காரர்கள் போகவிட்டார்கள். சந்தியில் ஆளில்லை. நெடுநாளைக்குப் பிறகு ஒழுங்கைக்குள் வண்டியை விட்டார். மீனைச் சுத்தம் செய்து வெட்டி, பையில் போட்டுப் படலையில் கொழுவிவிட்டுப் பத்தடி பின்னுக்கு வந்து வண்டியின் கோண் அடித்தார்.

குகதாசன் வாசலுக்கு வந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"ஆர் அண்ணை சமைக்கிறது?"

"நான்தான். மகள் கனடாவிலையிருந்து போனிலை சொல்லித் தருவாள்." மூச்சு வாங்கினார். "எமில், நான் அண்டைக்குப் பயந்தது பிழையில்லை."

"பிழையில்லை அண்ணை."

"அடிக்கவிட்டதுதான் பிழை. அவ சாகுமட்டும் அதைச் சொல்லி என்னை ஏசினவ."

எமில்ராஜ் படலையில் கொழுவிய பையைக் காட்டினார். "குழம்புக்குப் புளியைக் கடைசியிலை விடுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

வலைக் கொட்டிலில் பதினாலு நாள் படுத்தார். றொசாந்தி சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதைக்காமல் போவாள். ஐந்தாம் நாள்தான், "இருமல் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். நோய் வரவில்லை.

இப்போது ஒழுங்கைகளெல்லாம் திறந்துவிட்டன. ஒருவரும் மாஸ்க் போடுவதில்லை. குகதாசன் மட்டும் இன்னும் போடுகிறார். தோட்டத்துக்கும் போட்டுக்கொண்டு போகிறார் என்று பொடியள் பகிடி பண்ணுவார்கள். அவர் மீன் வாங்க வருவதைக் கண்டால் எமில்ராஜ் கையைக் கழுவி, சட்டைப் பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டுவார்.

"இப்ப ஏனண்ணை உது?" என்று உதயகலா ஒருநாள் கேட்டாள்.

"அவர் போட்டிருக்கிறார் தானே, பிள்ளை," என்றுவிட்டு, எமில்ராஜ் அரைக் கிலோ மீனை நிறுக்கத் தொடங்கினார்.