வீட்டில் வைக்கக் கூடாத தட்டு

எதிரே உள்ள சாவு வீட்டின் ஒலிபெருக்கியில் ஒப்பாரி கேட்கிறது. எனக்கு அரக்கு வாசனை வருகிறது.

ஐம்பதுகளில் அப்பா புதுக்கோட்டையில் சொந்தமாக இசைத்தட்டுக் கம்பெனி நடத்தினார். அரக்கில் வார்த்த நாடகப் பாட்டுத் தட்டுகள் கீரமங்கலம் வரை விற்றன. அந்தத் தைரியத்தில் மீமிசல் கருப்பாயியின் ஒப்பாரியைப் பதிந்தார். அத்தனையும் திரும்பி வந்தன.

"சாவு விழாத வீட்டுல இத எப்புடிங்க வைக்கிறது?" என்றார்கள் கடைக்காரர்கள்.

கம்பெனி அதோடு படுத்துவிட்டது. தட்டுகள் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. வெயிலேறினால் அரக்கு வாசனை அடுப்படி வரை வரும். அப்பா அங்கிட்டுத் திரும்பவே மாட்டார்.

அப்பா இறந்த அன்று அம்மா ஒரு தட்டைத் துடைத்து எடுத்துவந்தாள்.

"இனி வைக்கலாம்" என்றாள்.

அதற்கு முன்பே செத்துப்போயிருந்த கருப்பாயி, எங்கள் வீட்டுக்குள் வந்து அப்பாவுக்காக அழுதாள்.

உள்ளே என் கணவர் விடாமல் இருமுகிறார். எழுந்து ஜன்னலைச் சாத்துகிறேன்.