"ஃபார்மேட் பண்ணிடலாம்க்கா"

கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் நம்மூரில் எவரும் என்ன ஆயிற்று என்று பார்ப்பதில்லை. "ஃபார்மேட் பண்ணிடலாம்க்கா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கு அதுதான் பெயர். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அழியப்போவது அவர்களுடையது இல்லையே, சொல்வதற்கு என்ன?

2009இல் நான் கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்களின் பேச்சு வழக்குதான் ஆய்வு. வெயிலில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு, "எழுதிக்கினே இருந்தா சோறு எப்பம்மா ஆக்குவ?" என்று என்னைக் கேலி செய்ததையும் சேர்த்து எழுதி வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே தட்டச்சு செய்தேன். ஆய்வேடு முடிந்தேவிட்டது. அடுத்த வாரம் நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லையாம். அதற்கு மேல் விண்டோஸ் வரவே இல்லை.

ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். பென் டிரைவில் வைத்திருந்ததை வைரஸ் தின்றுவிட்டது. சிடி டிரைவ் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. "தீபாவளிக்கு மாத்திக்கலாம்" என்று என் கணவர் சொல்லியிருந்தார். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் வந்தார். அதில் தினமும் வேலை செய்பவள் நான். அவரோ என் கணவரின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"ஃபார்மேட் பண்ணிடலாம் சார். அர மணி நேரத்துல புதுசாட்டம் ஆயிடும்."

"என் தீசிஸ் மை டாக்குமென்ட்ஸ்ல இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் போயிடும்க்கா" என்றார், ஏதோ தூசு தும்பட்டையைத் துடைப்பதைப் பற்றிச் சொல்வதுபோல.

"வேற வழி இல்லன்னா பண்ணிடுங்க" என்றார் என் கணவர். வேறு வழியை யார் தேடினார்கள்? யாரும் கையை வைக்கக் கூடாது என்று சொல்லி, கடைக்காரரை அனுப்பிவிட்டேன்.

சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்த ஒரு தோழி இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தன் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். "இதுல லினக்ஸ் இருக்குக்கா, விண்டோஸ் மாதிரியே இன்னொண்ணு. யுஎஸ்பியில சொருகி இதுலேர்ந்து பூட் பண்ணுங்க. உங்க டிஸ்க்க ஒண்ணுமே பண்ணாம ஃபைல மட்டும் எடுத்துடலாம்" என்றாள். பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து முன்பக்கத்து யுஎஸ்பியில் சொருகினால் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. பார்த்தால், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் துளைக்குள் காய்ந்து கிடக்கிறது. பின்பக்கத்தில் சொருகினேன். விளக்கு நின்று எரிந்தது, ஆனால் அதே கறுப்புத் திரை. யுஎஸ்பியை முதலில் பார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். ஆன் செய்ததும் டெலீட் பொத்தானை அழுத்தினால் அதற்கான செட்டிங் வரும் என்று தோழி சொல்லியிருந்தாள். அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது.

நான் போடாத பாஸ்வேர்டு. தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? கடக்காரன் போட்ருப்பான்" என்று அவர் பக்கத்தைத் திருப்பினார். "பேசாம ஃபார்மேட் பண்ணிடு. திரும்ப அடிச்சா போச்சு."

திரும்ப அடித்தால் போயிற்றாம்! சமைத்து, துவைத்து, சிதம்பரம் போய் வந்து, மிச்சம் கிடைத்த நேரத்தில் அடித்தது. அவர் ஒரு பக்கம் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் நேரே கடைக்குப் போனேன். "யாரக் கேட்டு என் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டீங்க?" என்று வாசலில் நின்றே சத்தம் போட்டேன்.

கடைக்காரர் விழித்தார். "சாருதான்க்கா போடச் சொன்னாரு. வீட்ல எதனா நோண்டிடுவாங்கன்னு... நம்பரும் அவுருதான் குடுத்தாரு."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அங்கிருந்தே, செம்மங்குப்பத்தில் வேலையில் இருந்த என் கணவருக்குப் போன் செய்தேன். கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "என் வண்டி நம்பர்தான்" என்றார்.

"நேத்து கேட்டேனே?"

"சொன்னா நீ கோவப்படுவியேன்னுதான்..."

போனை வைத்துவிட்டேன். என் ஆய்வேடு அழிந்தால் பரவாயில்லை, நான் கோபப்பட்டுவிடக் கூடாது. எத்தனை அக்கறை பாருங்கள்!

வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்து போன அந்த வண்டியின் நம்பரை அடித்தேன். திறந்தது. யுஎஸ்பி என்ற பெயரில் நாலைந்து இருந்தன. முதலில் தப்பானதைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் கறுப்புத் திரையைப் பார்த்தேன். அப்புறம் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் என்பதை முதலில் வைத்ததும் லினக்ஸ் வந்துவிட்டது. என் ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை, பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். நான் அடித்த தமிழ் எழுத்துரு இதில் இருக்காதே என்று பிறகுதான் உறைத்தது. ஃபோல்டரை அப்படியே தோழியின் டிஸ்க்கில் காப்பி செய்து, அடுத்த நாள் சிதம்பரத்தில் ஒரு டிடிபி சென்டரில் திறந்தேன். எல்லாம் இருந்தது. சோறு எப்ப ஆக்குவ என்று கேட்ட அந்த அம்மாவும் இருந்தாள். நாலு பேர் வந்துபோகும் சென்டர் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

பிரிண்ட் கொடுக்குமுன் நன்றியுரையை ஒருமுறை படித்தேன். எல்லோரும் எழுதுவதுபோல நானும் முதலிலேயே எழுதி வைத்திருந்தேன்: "இவ்வாய்வு நிறைவுபெற எல்லா வகையிலும் உறுதுணையாக இருந்த என் கணவருக்கு..." அந்த வரியை அழித்தேன். அந்த இடத்தில் தோழியின் பெயரைப் போட்டேன். ஒரே ஒரு வரியை மட்டும் அழிப்பதற்கு எந்தக் கடைக்காரரும் தேவைப்படவில்லை.

பைண்டு செய்த ஆய்வேடு வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஆசையாக வாங்கி, நேரே நன்றியுரையைத் திறந்தார். படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஹார்டு டிஸ்க் குடுத்த பொண்ணு பேருகூட இருக்கு" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "அவ கேட்டதும் குடுத்தா."