முன்வரிசைச் சாட்சி

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இழுப்பு. அது தெரிந்துதான் அவர் கட்டிக்கொண்டார். அப்போது அவர் மூச்சு மாஸ்டர் இல்லை. மின்விசிறிக் கடையில் விற்பனையாளர். ஏதோ ஒரு முகாமில் பிராணாயாமம் கற்று வந்து, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, கடைசியில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹாலையே பிடித்துவிட்டார்.

முதலில் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நாள் முழுக்க மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றுவிட்டு வந்து, இடது நாசியில் இழுத்து, சற்றே நிறுத்தி, வலதில் மெல்ல விடும்போது கால்வலிகூட மறந்துபோகும். இழுப்பு வந்தால் பாதி உயிர் பயத்திலேயே போகும் அவளுக்கு. அந்தப் பயம் குறைந்தது. இழுப்பு குறையவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள மாஸ்டருக்கு மனமில்லை.

"இவங்களப் பாருங்க," என்று ஒருநாள் வகுப்பில் மனைவியைக் காட்டினார். "இழுப்பு மருந்து பம்ப் இல்லாம வாசல் தாண்ட மாட்டாங்க. இப்பத் தூக்கிப் போட்டாச்சு. பிராணன்னா வெறும் காத்து இல்லங்க, உயிரோட ஓட்டம். ஓட்டம் சரியாயிட்டா நோய்க்கு அங்க என்ன வேலை?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் சிரித்து வைத்தாள். அன்று காலைதான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பம்பை வாயில் வைத்து அடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? நான் இன்னும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"தெரியும். உனக்கு நம்பிக்கை பத்தல, அதான். நாலு பேரு நம்புறதயாவது கெடுக்காம இரு."

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவளுக்கு முன்வரிசையில் நிரந்தர இடம். புதிதாக யார் சேர்ந்தாலும் மாஸ்டரின் கை அவள் பக்கம் நீளும், அவள் தலையாட்டுவாள். குடும்பம் அந்த ஹாலை நம்பி ஓடியது. ஊர் வாயை மூடலாம், சொந்த மனசை எப்படி மூடுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தும் வருஷக்கணக்கில் மறைத்தாள்.

பேக்கரியில் மாவு பிசைகிற பெண் ஒருத்தி வகுப்பில் சேர்ந்தாள். மாவுத் தூசியில் வந்த இழுப்பு. மாதம் தவறாமல் மருந்துக்கடையில் பம்ப் வாங்குகிறவள்தான். ஒரு மாதம் மருந்துச் சீட்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"தலைவலி மாத்திரை மட்டும் குடுங்கக்கா. பம்ப் வேணாம். நானும் உங்கள மாதிரி விட்டுட்டேன்."

"டாக்டரக் கேட்டியா?"

"எதுக்குக்கா? நீங்கதான் கண்ணு முன்னால நிக்கிறீங்களே!"

பின்னால் முதலாளி இருந்தார். வரிசையில் மாஸ்டரின் மாணவர்கள் இருவர் நின்றிருந்தார்கள். அவள் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். 'சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம்' என்று நினைத்தாள். சாயங்காலம் வகுப்பு இருந்தது. மறுநாளும் இருந்தது.

அந்த வாரமே பேக்கரி அடுப்படியில் அந்தப் பெண் சுருண்டு விழுந்தாள். உதடெல்லாம் நீலம். உயிர் பிழைத்தாள், ஆனால் மூளைக்குக் காற்று போகாமல் கிடந்த நேரம் அவளிடமிருந்து பேச்சில் பாதியையும் வலது கையையும் பிடுங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா மருந்துக்கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன்ன மாதிரி ஆயிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாம்மா. அவளுக்கு மட்டும் ஏன் பலிக்கல?"

அன்று மாலை வகுப்பில் அவள் எழுந்து நின்றாள். கைப்பையிலிருந்து பம்பை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"இத நான் ஒருநாளும் விட்டதில்ல. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். மனசு அடங்குது, பயம் போகுது. ஆனா இது மருந்துக்குப் பதில் இல்ல. இவருக்கும் இது தெரியும்."

மாஸ்டருக்குக் கோபமே வரவில்லை. குரலைத் தழைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு விழுந்ததுலேருந்து இவங்க சரியாத் தூங்கல. அதிர்ச்சியில பழையபடி பம்பப் பிடிச்சுட்டாங்க. மனசு கலங்கினா பிராணனும் கலங்கும்னு நான் சொல்வேனே, கண்ணால பார்த்துட்டீங்க. எல்லாரும் கண்ண மூடுங்க. இவங்களுக்காக ஒரு நிமிஷம்."

அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். அவள் படியிறங்கும்போது ஒரு மாமி பின்னாலேயே ஓடிவந்து தோளைத் தடவிக்கொடுத்தாள். "வீட்டுச் சண்டைய வெளிய கொண்டுவராதம்மா. தங்கமான மனுஷன்."

அதன்பின் அவள் அந்த மாடியேறவில்லை. மாஸ்டர் பெரிய இடத்துக்கு மாறினார்; முன்வரிசையில் இப்போது முதுகுவலி போன ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவள் வேறு தெருவில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டாள். பேக்கரிப் பெண்ணின் வீட்டுக்குப் போய் உண்மையை முழுசாகச் சொன்னாள். தாய்க்காரி கேட்டு முடித்தாள், திட்டவில்லை, அழவில்லை. மகளின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு, "கதவச் சாத்திட்டுப் போ," என்றாள்.